மலை உச்சியில் வெயில் போகும் வரை: டெத் வேலி மாலைச் சுற்றுலா

ரமலான் மாதத்தில் யாராவது பாலைவனத்துக்குச் சுற்றுலா போவார்களா என்று கேட்காதீர்கள். நாங்கள் போனோம். 2006 அக்டோபர், இருபத்தோராம் நோன்பு, ஒரு சனிக்கிழமை. காரணம் மிகச் சாதாரணமானது. டெத் வேலியில் கோடைக்காலத்தில் நூற்றிருபது டிகிரி ஃபாரன்ஹீட் வரை கொதிக்கும் என்பதால், மாலைச் சுற்றுலா நடத்துகிறவர்கள் அக்டோபரில்தான் வண்டியை எடுக்கிறார்கள். என் கணவர் நசீருக்கு ஆபீஸில் எப்போது கூப்பிட்டாலும் ஓடவேண்டிய ஆன்கால் முறை இல்லாத வார இறுதி அந்த ஒன்றுதான். நசீரின் உம்மா, அதாவது என் மாமி, மே மாதம் கீழக்கரையிலிருந்து வந்தவர், நவம்பர் முதல் வாரம் திரும்புகிறார். ஆறு மாதத்தில் மாமி அதிகம் பார்த்த இடம் சான்டா கிளாராவில் எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே இருக்கும் இந்தியன் கடை. ஒரு நல்ல இடத்தையாவது காட்டி அனுப்பவேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பழி போட ஆள் தேடவேண்டாம்.

நோன்பைப் பற்றி அப்போது எனக்குக் கவலையே இல்லை. பிரயாணத்தில் இருப்பவர்கள் நோன்பை விட்டுவிட்டு, பிறகு வேறொரு நாளில் களா வைத்து ஈடுகட்டிக்கொள்ளலாம். மாமிக்குச் சர்க்கரை நோய் வேறு. வீட்டில் இருக்கும்போது தினமும் மீட்டரில் சோதித்துப் பார்த்து, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு நானே பரிமாறி, இருபது நோன்பை ஓட்டியிருந்தோம். பாலைவனத்தில் அதெல்லாம் நடக்காது. "மாமி, ரெண்டு நாளும் நோன்பு கிடையாது, சரியா?" என்றேன். "நீ சொன்னாச் சரி புள்ள" என்றார். மாமி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வெள்ளி மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பினோம். 101-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போய், 152-இல் மலையைத் தாண்டி, 99-இல் பேக்கர்ஸ்ஃபீல்டு, அங்கிருந்து 58-இல் டெஹாச்சபி வழியாக ரிட்ஜ்கிரெஸ்ட். மொத்தம் 350 மைல், நிறுத்தங்களோடு ஏழரை மணி நேரம். ரிட்ஜ்கிரெஸ்டில் மோட்டல் அறுபத்திரண்டு டாலர். அறை சுத்தம், காலைச் சாப்பாடு மகா மோசம். டெத் வேலிக்கு உள்ளேயே தங்கினால் இதைப்போல் மூன்று மடங்கு ஆகும், அதுவும் இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும்.

விடிவதற்கு முன்னால் குளியலறை விளக்கு எரிந்ததைத் தூக்கக் கலக்கத்தில் பார்த்தேன். மாமி எப்போதும் அந்த நேரத்தில் எழுந்து தொழுவது வழக்கம் என்பதால் புரண்டு படுத்துவிட்டேன். காலையில் மேசைமேல் இருந்த ரொட்டியில் இரண்டு துண்டும் ஒரு வாழைப்பழமும் குறைந்திருந்தன. கண்ணால் பார்த்தேன், ஆனால் மண்டையில் ஏறவில்லை.

ரிட்ஜ்கிரெஸ்டிலிருந்து ட்ரோனா வழியாகப் போனால் டெத் வேலியின் நடுப்பகுதியான ஃபர்னஸ் க்ரீக்குக்கு நூற்றிருபது மைல், மலைப்பாதை என்பதால் இரண்டரை மணி நேரம். பூங்கா நுழைவுக் கட்டணம் காருக்கு இருபது டாலர், ஏழு நாள் செல்லும். பெட்ரோலை ரிட்ஜ்கிரெஸ்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்ளே காலனுக்கு ஒரு டாலர் அதிகம். மதியம் ஒரு மணிக்கு ஒரு நிழல் பார்த்து வண்டியை நிறுத்தி எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். மாமி தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "கழிவறைக்குப் போயிட்டு அங்ஙன நெழல்லயே உக்காந்து தின்னுக்கிறேன், நீங்க தின்னுங்க" என்று போனார். கால் மணி கழித்து வந்தார். "சாப்டீங்களா மாமி?" என்று கேட்டேன். "சாப்புட்டேன் புள்ள. கொஞ்சம் புளிப்பு கூட" என்றார். உப்பு, புளிப்பு விவரமெல்லாம் வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

சுற்றுலா வேன் ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து சரியாக மூன்று மணிக்குக் கிளம்பியது. ஆளுக்கு ஐம்பத்தைந்து டாலர், பதினான்கு இருக்கை, அன்றைக்கு வந்தது பதினோரு பேர். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே: கரோல். அறுபது வயதிருக்கும், பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஏறியதும் ஓர் அட்டையில் செருகிய தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார். திரும்பி ஏறும்போது இன்னொரு கையெழுத்து. "ஆறு வருஷத்துல யாரையும் பாலைவனத்துல விட்டுட்டு வந்ததில்ல" என்று சிரித்தார். நான் தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்காமல் போட்டேன். நசீர் மூன்று பேருக்கும் சேர்த்துப் போட வந்ததற்குக் கரோல் அவர் கையைத் தட்டிவிட்டார்.

முதல் நிறுத்தம் ஸப்ரிஸ்கி பாயிண்ட். சாலையிலிருந்து நூறு கஜம் மேட்டில் ஏறவேண்டும். மேலே போய் நின்றால் கீழே மடிப்பு மடிப்பாக மஞ்சள் மண். ஒரு புல் பூண்டு கிடையாது, ஒரு குருவி கிடையாது. இன்னொரு கிரகத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்களோ என்று திரும்பி வேனைப் பார்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. தொண்ணூறு டிகிரி வெயில், மாலை மூன்றரைக்கு. மாமி பாதி மேட்டில் நின்று மூச்சு வாங்கினார். நான் தண்ணீரை நீட்டினேன். "வேணாம், குடிச்சா மூத்திரம் வரும்" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அடுத்தது ஆர்ட்டிஸ்ட்ஸ் பேலட். பச்சை, ஊதா, இளஞ்சிவப்பு என்று மலையே சாயம் பூசிக்கொண்டு நிற்கிறது. எல்லாம் உலோகத் தாதுக்கள் செய்கிற வேலை என்று கரோல் விளக்கினார். மாமி வேனை விட்டு இறங்கவில்லை.

நான்கு நாற்பதுக்கு டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ். சாத்தானின் கோல்ஃப் மைதானம் என்று பெயர் வைத்தவனுக்கு ஒரு கும்பிடு. கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பாறைகள், ஒவ்வொன்றும் கத்தி முனை. விழுந்தால் கை கிழியும் என்று கரோல் மூன்று தடவை எச்சரித்தார். கொஞ்சநேரம் பேசாமல் நின்றால் உப்பு வெயிலில் விரிந்து 'டிக் டிக்' என்று வெடிப்பது கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகத்தான் மாமியைக் கையைப் பிடித்து இறக்கினேன். நான்காவது அடியில் மாமி தடுமாறினார். தாங்கிப் பிடித்தேன். உள்ளங்கை ஈரமாகச் சில்லிட்டிருந்தது. திரும்ப வேனுக்குக் கூட்டிவந்து, முகம் துடைக்க டிஷ்யூ தேடி அவர் பையைத் திறந்தேன்.

எலுமிச்சைச் சாதம் டப்பா கல்லாகக் கனத்தது. மூடியைத் திறந்தேன். நான் காலையில் அமுக்கி வைத்த முட்டை அப்படியே உட்கார்ந்திருந்தது.

"மாமி, என்ன இது?"

"சத்தம் போடாத புள்ள, ஆளுங்க பாக்குறாங்க."

"சாப்டேன்னு சொன்னீங்களே! புளிப்புன்னு வேற சொன்னீங்க!"

"ரமலானோட கடைசிப் பத்து நாளு தொடங்கிருச்சு. போன வருசம் ஆபரேசன்னு முப்பதையும் வுட்டேன். இந்த வருசம் இருவது முழுசா வந்தாச்சு, இருவத்தொண்ணுல கொண்டுபோயி வுடச் சொல்றியா? சொன்னா நோன்பு வெக்க வுடமாட்டே. அதான் சொல்லல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மாத்திரையை அதிகாலையில் போட்டுக்கொண்டு, இரண்டு துண்டு ரொட்டியோடு, சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இந்த வெயிலில் மேடேறி இறங்கியிருக்கிறார். சர்க்கரை மீட்டர் எங்கள் காரில், பத்து மைல் தள்ளி இருக்கிறது. நசீரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் டப்பாவைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார்.

"உம்மா, நோன்பத் திறந்துடுங்க. களா வெச்சுக்கலாம், ப்ளீஸ்."

"எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டார் மாமி. பைக்குள்ளிருந்து நோன்பு அட்டவணையை எடுத்தார். சான்டா கிளாராவில் எங்கள் பள்ளிவாசலில் கொடுத்த தாள், அடியில் ஹலால் கறிக்கடை விளம்பரம். இருபத்தொன்றாம் நாளுக்கு நேராக, நோன்பு திறக்கும் நேரம் ஆறு முப்பத்து மூன்று. "ரெண்டு மணி நேரங்கூட இல்ல. இதுக்குப் போயி" என்று தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டார். நசீர் தோளைக் குலுக்கினார். பெற்ற மகனே கையை விரித்த பிறகு வந்த மருமகள் என்ன செய்ய?

ஐந்தே காலுக்குப் பேட்வாட்டர் போய்ச் சேர்ந்தோம். இதுதான் இந்தச் சுற்றுலாவின் உச்சம். கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, மைல் கணக்கில் வெள்ளை வெளேரென்று உப்புத் தரை. கிழக்கே, வாகனம் நிறுத்துமிடத்துக்குப் பின்னாலேயே, செங்குத்தாக ஐயாயிரம் அடி மலை. அதன் இடுப்பில் 'கடல் மட்டம் இங்கே' என்று ஒரு சின்னப் பலகை. மேற்கே பள்ளத்தாக்கின் அந்தப்பக்கம் பதினோராயிரம் அடி மலைத்தொடர். கரோல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு உப்பின்மேல் ஒரு மைல் நடந்துபோய், அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டு ஆறரைக்குத் திரும்புவதாகத் திட்டம்.

மாமி அப்போது தெளிவாகத்தான் இருந்தார். வேனில் குளிர்ந்த காற்று பட்டிருந்தது. "நீ போ வாப்பா, போயி ஃபோட்டோ எடு. ஐம்பத்தஞ்சு டாலரு" என்று நசீரைத் துரத்தினார். "சீக்கிரம் வந்துடறேன்" என்று நசீரும் காமிராவோடு கிளம்பினார். நானும் மாமியும் தண்ணீர்க் குட்டையை ஒட்டிய மரநடைபாதையின் விளிம்பில் உட்கார்ந்தோம். கரோல் வேனைப் பூட்டிச் சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனார். ஜூஸும் பிஸ்கட்டும் இருந்த குளிர்ப்பெட்டி வேனுக்குள்ளே. என் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும். இது எனக்கு உறைத்தது, எல்லோரும் எறும்பளவுக்குச் சிறுத்துப்போன பிறகுதான்.

ஐந்து நாற்பதுக்குச் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் போனது. அரை நிமிடத்தில் வெள்ளைத் தரை முழுக்க நீலமாக மாறியது. அங்கே நின்றிருந்த மற்ற இரண்டு கார்க்காரர்களும் அஸ்தமனம் முடிந்தது என்று கிளம்பிப் போய்விட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

"மாமி, சூரியன் போயிடுச்சு. திறங்க."

"போகல. மலைக்குப் பின்னாடி நிக்கிது. அண்ணாந்து பாரு."

பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் கிழக்கு மலையின் மேல்பாதி முழுக்க இன்னும் வெயில் ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.

பத்து நிமிடம் கழித்து மாமியின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. வெயில் போய்க் காற்றே குளிர்ந்துவிட்டிருந்தது, அப்போது வியர்வை. தோளைத் தொட்டேன், ரவிக்கை நனைந்திருந்தது. "என்ன பண்ணுது மாமி?" என்றேன். "ஒண்ணும் பண்ணல" என்றார். நாக்கு கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. செல்ஃபோனை எடுத்தேன், ஒரு கோடுகூட இல்லை. எழுந்து நின்று "நசீர்!" என்று கத்தினேன். ஒரு மைல் தூரத்தில் பத்துப் புள்ளிகள் மலையைப் பார்த்து நின்றன. ஓடிப்போய்ச் சாவி வாங்கிவரலாம். உப்பின்மேல் ஓடினாலும் போக வர அரைமணியாகும். அதற்குள் இங்கே மாமி சாய்ந்துவிட்டால்? திரும்ப உட்கார்ந்தேன்.

"மாமி, தண்ணியாவது குடிங்க. உயிருக்கு ஆபத்துன்னா நோன்ப விடணும்னுதான மார்க்கம் சொல்லுது?"

"ஆபத்தெல்லாம் இல்ல."

"எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும். பேச்சுக் குடுக்காத."

அதற்குப் பிறகு மாமி பேசவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மடியில் கிடந்த வலது கையின் கட்டைவிரல் மற்ற விரல்களின்மேல் நிற்காமல் ஓடியது. நடுக்கம் என்று நினைத்தேன். என் சின்னாப்பாவுக்குச் சர்க்கரை இறங்கி இப்படித்தான் கைநடுங்கி, வாய்க்குள் எதையோ முனகி, அப்படியே நினைவு தப்பியதை எட்டு வயதில் பார்த்தவள் நான். மாமியின் கண் என்மேல் இல்லை, என் தோளுக்குமேல் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். மலையும் அந்தக் 'கடல் மட்டம்' பலகையும்தான். நம் தலைக்குமேல் முந்நூறு அடியில் கடல் நிற்கவேண்டிய இடம். "மாமி, என்னைப் பாருங்க" என்றேன். பார்க்கவில்லை. அல்லாஹ்வே, இவரை இங்கே கூட்டிவந்தவள் நான்தான், இவருக்கு ஒன்று ஆனால் நசீர் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகை வந்துவிட்டது.

என் கடிகாரத்தில் ஆறு பதினான்கு. அட்டவணைப்படி இன்னும் பத்தொன்பது நிமிடம். மாமியின் கடிகாரம் வந்த நாளிலிருந்து கீழக்கரை நேரத்தில்தான் ஓடுகிறது. மாற்றித் தருகிறேன் என்று எத்தனை தடவை கேட்டும் "வேணாம், அங்ஙன இப்ப எந்தத் தொழுகை வக்துன்னு எனக்குத் தெரியணும்" என்று விடவில்லை. வீட்டில் மணி கேட்பதெல்லாம் என்னிடம்தான். அதை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

"மாமி, ஆறு முப்பத்தி மூணு ஆயிடுச்சு. நோன்பு திறங்க."

குரல் நடுங்கவேயில்லை. எனக்கே ஆச்சரியம்.

மாமி என்னைப் பார்த்தார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே கைக்குட்டையில் சுற்றிய மூன்று பேரீச்சம்பழம். நோன்பு திறக்கும் துஆவை ஓதிவிட்டு ஒன்றை வாயில் வைத்தார். நான் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டேன், அவர் பல்லில் பாட்டில் தட்டியது. மூன்று பழமும் முக்கால் பாட்டில் தண்ணீரும் போனபிறகு என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் வியர்வை அடங்கியது. எழுந்து உட்கார்ந்து, "இந்த உப்புல ஒரு கை அள்ளிட்டுப் போனா வைவாங்களா?" என்று கேட்டார். வைவார்கள், அபராதமும் போடுவார்கள். நான் சிரித்து முடிக்கும்முன் மாமி மீதித் தண்ணீரில் கைகால் முகம் கழுவி ஒளூ செய்து, திசை கேட்டு, உட்கார்ந்தபடியே மஃரிப் என்ற அந்தித் தொழுகையைத் தொழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் செய்த காரியம் எனக்குப் புரிந்தது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்து காத்த நோன்பை நான் கடைசிப் பத்தொன்பது நிமிடத்தில் முறித்துவிட்டேன். அது போதாதென்று என் பொய்யின்மேல் ஒரு தொழுகையும் நடக்கிறது. தடுத்தால் பொய் வெளியே வரும். பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆறே முக்காலுக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். நசீரை ஓரமாக இழுத்து நடந்ததைச் சொன்னேன். "பத்தொம்பது நிமிஷம் முன்னாடியா? என்ன பண்ணிட்டே!" என்றார் முதலில். உம்மாவின் முகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நல்லதுதான் பண்ணே" என்றார். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வேனில் ஏறினோம். கரோல் கையெழுத்து அட்டையை நீட்டினார். இந்தத் தடவை உள்விளக்கு வெளிச்சத்தில் தாளின் மேல்வரி கண்ணில் பட்டது. தேதி, வெப்பநிலை, அடுத்த கட்டத்தில் 'சூரிய அஸ்தமனம் 6:13'.

மூன்று தடவை படித்தேன். "கரோல், இது சரியான நேரமா?" என்றேன். என் குரலைக் கேட்டுக் கரோலே பயந்துவிட்டார். "அஸ்தமனம் காட்டறதுதான் என் பிழைப்பு. இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆறு பதிமூணு. மலை மறைக்கறதால நமக்கு முன்னாடியே போயிடும்" என்றார். நான் நசீரின் பக்கம் திரும்பினேன். அவர் ஏற்கெனவே நெற்றியில் அடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் சான்டா கிளாராவின் அட்டவணையோடு கிழக்கே முந்நூறு மைல் வந்திருக்கிறோம். இங்கே சூரியன் இருபது நிமிடம் முன்னாலேயே அஸ்தமிக்கும். ஆறு பதினான்குக்குத் திறந்த நோன்பு முறியவேயில்லை. என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது வரைபடம் செய்கிற கம்பெனியில். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். நான் வேனில் எல்லோர் முன்னாலும் விக்கி விக்கி அழுதேன். பாவம் அந்த அமெரிக்கர்கள், உப்பைப் பார்த்து இவ்வளவு உருகுகிறாளே என்று நினைத்திருப்பார்கள்.

ஞாயிறு காலை திரும்பும் பயணம். அன்றைக்கு மாமியாகவே நோன்பு வைக்கவில்லை. மொஹாவியில் வண்டியை நிறுத்தியதும் என் கண்முன்னால் இட்லியைத் தின்றுவிட்டு, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். டெஹாச்சபியில் காற்றாலைகளைத் தாண்டும்போது நான் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன்.

"மாமி, நேத்து நான் மணி பொய் சொன்னேன். ஆறு பதினாலுதான் ஆச்சு. ஆனா கரோல் தாளப் பாத்தா..."

"தெரியும்" என்றார் மாமி.

"என்ன தெரியும்?"

"எங் கடியாரத்துல ஏழு அடிக்கலையே புள்ள. அரைமணி கழிச்சு, காலைய அந்தியாக்குனா ஒங்க நேரம். ஆறு மாசமா இருக்கேன், இதுகூடத் தெரியாமயா?"

"அப்புறம் ஏன் திறந்தீங்க?"

"உஞ்சொல்லக் கேட்டா தொறந்தேன்? ஒனக்குப் பின்னாடி மலையத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வெயிலு மேல ஏறி ஏறி உச்சிய வுட்டுப் போச்சு. ஒடனே தொறக்க மனசு ஒப்பல. முன்னூறு தஸ்பீஹ் ஓதிட்டுத் தொறக்கலாம்னு இருந்தேன். மூணாவது நூறு முடியவும் நீ வாயத் தொறக்கவும் சரியா இருந்துச்சு."

கட்டைவிரல் ஓடியது நடுக்கமில்லை. இறைவனைப் புகழும் தஸ்பீஹை விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பதினைந்து நிமிடம் நான் செத்துப் பிழைத்ததை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. "அத வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமே மாமி!" என்று கத்திவிட்டேன். நசீர் கண்ணாடியில் என்னை முறைத்தார்.

மாமி கோபப்படவில்லை. "சொல்லியிருக்கணும். நாக்கு வறண்டு கெடந்துச்சு, பேசுனா எண்ணிக்கை போயிரும்னு இருந்துட்டேன். இன்னொண்ணு. நீ பொய் சொன்னது எனக்காவ. நோன்பும் வெச்சுக்கிட்டு, சாப்புட்டேன், புளிப்பு கூடன்னு சொன்னேனே, அது எனக்காவ. அந்த நோன்ப எண்ணிக்கையில சேக்க மாட்டேன். ஊருக்குப் போயி களா வெச்சுருவேன்."

"பொய் சொன்னா நோன்பு முறியாது உம்மா" என்றார் நசீர்.

"முறியாதுன்னு எனக்கும் தெரியும் வாப்பா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

உயிரைக் கொடுத்துக் காத்த நோன்பு அது. அதையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, மாமி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிப்போனார்.

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் வரை போங்கள். ஆளுக்கு ஒரு காலன் தண்ணீர், கெட்டி அடிப்பாகம் உள்ள மூடிய காலணி. செருப்போடு உப்பில் நடக்காதீர்கள். வேனைப் பூட்டும்முன் உங்கள் தண்ணீரும் இனிப்பும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்வாட்டரில் வெயில் மறைந்ததும் கிளம்பிவிடாதீர்கள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் வெளிச்சம் கிழக்கு மலையில் படிப்படியாக ஏறுவதுதான் காட்சியே. நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை, ஆகையால் விவரமாக வர்ணிக்க முடியவில்லை, மன்னியுங்கள். நோன்பாளிகள் இருந்தால் போகிற ஊரின் நேரத்தை எடுத்துக்கொண்டு போங்கள், வீட்டு அட்டவணையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கூட வரும் பெரியவர்கள் சாப்பிட்டேன் என்று சொன்னால் நம்பவேண்டாம், டப்பாவைத் திறந்து பாருங்கள்.

மாமி ஊருக்குப் போய் ஜனவரியில் ஒருநாள் ஃபோன் செய்தார். அங்கே காலை பத்து மணி. அந்தச் சனிக்கிழமைக்கு இன்றைக்குத்தான் களா வைத்திருப்பதாகவும், கீழக்கரையில் மஃரிப் எப்போது என்று தன்னிடம் யாரும் வந்து மணி சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னார்.

"சஹருக்குச் சாப்டீங்களா மாமி?" என்று கேட்டேன்.

"சாப்புட்டேன் புள்ள" என்றார். ஒரு நொடி கழித்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஃபோன்ல எப்புடி டப்பாவத் தொறந்து காட்டுறது?"